சபை வாய் திறந்து பாட: ஒரு சேகரத்தின் இளையோர் பாடல் குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்தின் சிறு நகரம் ஒன்றில் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில், 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 2023 உயிர்த்தெழுந்த பண்டிகை வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. ஊர், ஆட்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. இதை எழுதுபவன் அக்காலத்தில் சேகரக் கமிட்டியில் இருந்தவன். இசையில் கேள்வி ஞானம் மட்டுமே உள்ளவன்.

கொரோனாவுக்கு முன் இந்த ஆலயத்தில் பாட்டு என்றால் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும், நம் ராகங்களில் பாடும் கீர்த்தனையும்தான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நெடுங்காலமாகப் பாடகர் குழுவை நடத்தி, ஆர்கனும் வாசித்து வந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் அழைக்கும். காணிக்கை நேரத்தில் வாலிபர் சங்கத்தார் ஒரு புதுப் பாட்டுப் பாடுவார்கள். அவர்களுக்கு ஆலயத்தில் கிடைத்த இடம் அவ்வளவே.

2020 மார்ச்சில் ஆலயக் கதவு மூடியது. சேகர குரு தம் வீட்டுக் கூடத்தில் நின்று கைப்பேசி வழியே ஆராதனை நடத்தினார். பாடகர் குழுவில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். வெளியே வரவில்லை, வரவும் கூடாது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் இளையோர். ஒருவன் கீபோர்டு, ஒருவன் கிட்டார், ஒரு மாணவி பாட்டு, ஒருவன் படப்பிடிப்பு என்று தாங்களாகவே அமைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை நியமிக்கவில்லை. கதவு திறந்தபோது டிரம்ஸும் நான்கு மைக்கும் திருவிருந்து மேசைக்கு இடப்புறம் வந்து நின்றன. பழைய குழுவின் வரிசையில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. மாஸ்டர் ஞாயிறுதோறும் வந்தார், ஆர்கனைத் திறந்தார், தொடக்கப் பாமாலை ஒன்றை வாசித்தார், மூடினார்.

கவனித்தவை

முதலில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். பிள்ளைகள் ஆலயத்தை விட்டு ஓடுகிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்த சபைக்கு, முன்வரிசையில் பத்துப் பிள்ளைகள் நிற்பதே பெரிய காட்சி. எதிர்ப்பு எழுந்தபோதும் அது ஒலிபெருக்கியின் சத்தத்தைப் பற்றியதாகவே இருந்தது. உண்மையான குறை வேறு ஒன்று என்பதைக் கண்டுபிடித்தவர் சேகர குரு. ஒரு ஞாயிறு உதவி குருவானவரிடம் ஆராதனையை ஒப்படைத்துவிட்டு, அவர் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். பாட்டு முழக்கமாகக் கேட்டது. ஆனால் தமக்கு முன்னால் இருந்த வரிசைகளில் உதடுகள் அசையவில்லை. பெண்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் கைதட்டினார்கள். அடுத்து வந்த கீர்த்தனைக்கு, திரையில் சொற்கள் வருமுன்பே, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி மூன்று சரணத்தையும் பாடி முடித்தார்.

இதற்குக் காரணம் பழையது, புதியது என்ற வேறுபாடு மட்டும் அல்ல. அடுத்த சில வாரங்களில் மூன்று காரியங்கள் தெளிவாயின.

ஒரே ஞாயிற்றில் நான்கு புதுப் பாடல்கள் பாடப்பட்டன. அடுத்த வாரம் வேறு நான்கு. யூடியூபில் அந்த வாரம் வெளியான பாட்டை அந்த வாரமே பாடுவது குழுவுக்குள் ஒரு பெருமை. சபைக்கு எந்தப் பாட்டும் மனத்தில் தங்கவில்லை.

இரண்டாவது, சுருதி. மாஸ்டர்தான் இதைச் சொன்னார். குழு அடிக்கடி பாடிய ஒரு பாட்டின் யூடியூப் பதிவில் பாடியவர் உச்சஸ்தாயிக்காரர். அவருக்கு ஏற்ற நான்கு கட்டையிலேயே (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும்) நம் பிள்ளைகளும் பாடினார்கள். சரணம் மேல்ஸ்தாயி காந்தாரத்தைத் தொடும் பாட்டு அது. அந்தச் சுருதியில் நம் ஆண்களுக்கு உச்சம் எட்டாது. பெண்கள் ஆண்குரலின் ஸ்தாயியில் பாடினால் அடி எட்டாது, ஒரு ஸ்தாயி ஏற்றினால் யாருக்கும் எட்டாது. ஆகவே இரு பக்கமும் வாயை மூடிக்கொண்டது. முன்பாடகனாக நின்ற கல்லூரி மாணவனுக்கு மட்டும் எட்டியது; அவன் கண்ணை மூடிப் பாடியதால் இதை அறியவில்லை.

மூன்றாவது, பாடலுக்கும் அன்றைய ஆராதனைக்கும் தொடர்பு இல்லை. சி.எஸ்.ஐ. அல்மனாக் என்ற ஆண்டுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் தியானப் பொருளும் வேதபாடங்களும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அப்படி ஒரு புத்தகம் இருப்பது குழுவில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அவர்கள்மேல் குற்றமில்லை, அதை யாரும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை. பாட்டுப் பட்டியல் வியாழன் இரவு வாட்ஸ்அப்பில் முடிவாகும். ஞாயிறு காலைதான் குருவானவருக்கே தெரியவரும்.

ஜூலை மாத ஞாயிறு

2022 ஜூலையில் சபையைச் சேர்ந்த ஓர் இளைஞர் நாற்கரச் சாலையில் இருசக்கர வாகன விபத்தில் இறந்தார். அடக்கம் நடந்த வாரத்து ஞாயிற்றில் குடும்பத்தார் எல்லோரும் ஆலயத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்வது இங்கே வழக்கம். அன்றும் வந்தார்கள். குழு முன்பே குறித்துவைத்திருந்த பாட்டு 91-ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனத்தை ஒட்டியது: பொல்லாப்பு நேரிடாது, வாதை கூடாரத்தை அணுகாது என்ற பொருள். வேகமான தாளம், கைதட்டல், பல்லவி திரும்பத் திரும்ப. இறந்தவரின் தாய் அந்தப் பாட்டு முழுவதும் மடியில் வைத்திருந்த வேதாகமத்தின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

ஆராதனை முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலில் கமிட்டியார் இருவர் பிள்ளைகளைச் சத்தமாகக் கடிந்தார்கள். டிரம்ஸ் வாசித்த பையன் குச்சிகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவி மட்டும் குருவானவரிடம் ஒன்று கேட்டாள்: "ஐயா, அது வேத வசனம்தானே? வசனத்தைப் பாடியது தப்பா?"

அவர் அங்கே பதில் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா, உட்கார்ந்து வாசிப்போம்" என்றார். சுற்றி நின்ற நாங்கள் அவர் உடனே சமாதானம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தோம். இப்போது பார்க்கையில், அந்தக் கேள்வியை ஐந்து நாள் பிள்ளைகளிடமே விட்டுவைத்ததுதான் சரி.

வெள்ளிக்கிழமை 91-ஆம் சங்கீதத்தையும் 88-ஆம் சங்கீதத்தையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்தார். 88 இருளிலேயே முடிகிற சங்கீதம். ஆறுதல் வரி ஒன்றும் கடைசியில் வராது. இப்படி ஒன்று வேதத்தில் இருப்பதே சிலருக்குப் புதுச் செய்தி. பின்பு, 91-ஆம் சங்கீத வசனம் புதிய ஏற்பாட்டில் எங்கே வருகிறது, யார் வாயிலிருந்து வருகிறது என்று தேடச் சொன்னார். மத்தேயு நான்காம் அதிகாரத்தைக் கண்டுபிடித்தவள் அதே மாணவிதான்: தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் அந்தச் சங்கீதத்தைச் சொல்பவன் சோதனைக்காரனாகிய பிசாசு. வசனம் மெய், ஆனால் யாரிடம், எந்த வேளையில் சொல்கிறோம் என்பதும் சேர்ந்தே மெய்யாக வேண்டும் என்று அவர் அதற்கு மேல் விளக்கத் தேவை இருக்கவில்லை.

கமிட்டியில் எடுத்த முடிவுகள்

அடுத்த கமிட்டிக் கூட்டம் நீண்டது. இளையோரை மாதம் ஒரு ஞாயிற்றோடு நிறுத்த வேண்டும் என்றார் ஒருவர். கீர்த்தனைதான் நம் பாரம்பரியம், புதுப் பாட்டே வேண்டாம் என்றார் இன்னொருவர். குருவானவர் அதற்குச் சொன்ன மறுப்பு எனக்குப் பிடித்தது. நாம் பாரம்பரியம் என்று பிடித்துக்கொண்டிருக்கும் கீர்த்தனைகளில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையவை. அவர் வாழ்ந்தது 1774 முதல் 1864 வரை. பாமாலை மெட்டுகளில் பெரும்பாலானவை ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்து கப்பலேறி வந்தவை. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையே இயற்றினார், அதுவும் நம்முடையதுதான். எல்லாப் பாட்டும் ஒரு நாள் புதுப் பாட்டாக இருந்தவை. ஆகவே தேதியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார்.

குழுவைக் கலைப்பதற்கு எதிராக இன்னொரு நடைமுறைக் காரணமும் இருந்தது. அருகில் எந்தத் திருச்சபை அமைப்பிலும் சேராத இரண்டு சுயாதீன சபைகள் உள்ளன. டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்த பையனுக்கு அங்கே அடுத்த ஞாயிறே இடம் கிடைக்கும். இதை வெளிப்படையாகச் சொல்லக் கமிட்டியில் தயக்கம் இருந்தது. சொன்ன பிறகு பேச்சு நேராயிற்று.

முடிவில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. பாட்டுத் தேர்வை இனி ஒரு சிறு மேசை செய்யும்: குருவானவர், மாஸ்டர், இளையோர் இருவர். அடுத்த மாதத்துக்கான பட்டியல் முந்தைய மாதத்திலேயே முடிவாக வேண்டும். வாரத்தில் மரணமோ வேறு துயரமோ நேர்ந்தால் சனிக்கிழமை அதை மாற்றும் உரிமை அந்த மேசைக்கு உண்டு. பழைய குழு, இளையோர் குழு என்ற பிரிவு இருக்காது.

கடைசித் தீர்மானத்தை நடைமுறைப்படுத்தியது எப்படி என்பதைக் குறிப்பிட வேண்டும். 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஆலயப் பாடகர்கள் சிறியவனும் பெரியவனும், ஆசானும் மாணாக்கனும் ஒன்றுபோல் சீட்டுப் போட்டு முறை வகுத்ததாக வருகிறது. குருவானவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு தொப்பியில் எல்லோர் பெயரும் போடப்பட்டது, மாஸ்டர் பெயரும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் மூத்தோர் இருவர், இளையோர் மூவர் என்று சீட்டு விழுந்தது. தம் பெயர் ஒரு பதினாறு வயதுப் பையனுக்குப் பின்னால் வந்ததில் மாஸ்டருக்கு வருத்தம் உண்டு என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஏற்றுக்கொண்டார். பழைய குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஏற்கவில்லை, அன்றோடு விலகினார்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தது

ஒரு நீளமான கணக்குப் பதிவேடு வாங்கினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். அந்தப் பாட்டில் பேசுவது நானா, நாங்களா, கடவுளிடம் பேசுகிறதா, கடவுளைப் பற்றிப் பேசுகிறதா, ஒருவரையொருவர் தேற்றுகிறதா, எந்த வேதபாடத்தோடு பொருந்தும், எந்தக் காலத்துக்கு ஆகாது, எத்தனை கட்டை, கடைசியாக எப்போது பாடியது. இவற்றை எழுத வேண்டியவர்கள் இளையோர்தான். மாஸ்டர் பார்த்துக் கையெழுத்திடுவார்.

இரண்டு மாதம் எழுதியதும் பிள்ளைகளே ஒன்றைக் கண்டார்கள். அவர்கள் விரும்பிப் பாடியவற்றில் பெரும்பகுதி 'நான்', 'எனக்கு', 'என்னை' என்றே ஓடின. பாவ அறிக்கைக்குப் பாட ஒன்றுகூட இல்லை, துக்கத்துக்கும் இல்லை. பாமாலையிலும் கீர்த்தனையிலும் அவை நிறையவே இருந்தன. பழைய நூல்களை நாங்கள் யாரும் திணிக்கவில்லை. தேவை வந்தபோது அவர்களே புரட்டினார்கள். லெந்து காலத்துக் (உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தைய தவக்காலம்) கீர்த்தனைகள் சிலவற்றைக் கீபோர்டு பையன் இப்படித்தான் முதன்முதலில் திறந்து பார்த்தான்.

புதுப் பாட்டு மாதம் ஒன்று என்று வரையறுக்கப்பட்டது. முதல் வாரம் ஆராதனைக்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் சபைக்குக் கற்பிப்பது, அடுத்த மூன்று வாரமும் அதையே பாடுவது. இது மிகக் குறைவு என்று இளையோரும், இதுவே அதிகம் என்று மூத்தோரும் குறைப்பட்டார்கள். மாற்றவில்லை.

கட்டைப் பிரச்சினை

சுருதியைச் சரிசெய்தது எளிதாகத் தெரியும். உண்மையில் எங்களுக்கு அதிகத் தலைவலி கொடுத்தது அதுதான். மேலே சொன்ன பாட்டை நான்கு கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறக்க மாஸ்டர் சொன்னார். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி மைனஸ் ஐந்து, அதாவது ஐந்து அரைச்சுரம் கீழே, வைத்தால் முடிந்தது. விரல் பழைய இடத்திலேயே ஓடும். கிட்டார் பையன் கார்டு எல்லாம் மாற்ற வேண்டியிருந்ததால் ஒரு வாரம் முணுமுணுத்தான். முன்பாடகன்தான் உண்மையில் எதிர்த்தான். "இறக்கினால் பாட்டில் உயிரே இல்லை, மாஸ்டர்." அவன் சொன்னது பொய்யல்ல. ஒரு கட்டையில் அவன் குரல் மங்கித்தான் ஒலித்தது.

மாஸ்டர் அவனோடு வாதாடவில்லை. அந்த ஞாயிறு கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்தச் சொன்னார். மைக்கிலிருந்து அவனையும் இரண்டடி பின்வாங்கச் சொன்னார். நிறுத்திய முதல் வரியில் சபை தடுமாறியது. அடுத்த வரியில் ஆண்கள் பக்கம் பிடித்துக்கொண்டது. பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடினார்கள். மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் அது கேட்டது. பிறகு மாதம் ஒருமுறையாவது இப்படிச் செய்வது வழக்கமாயிற்று. சபை பாடுகிறதா இல்லையா என்பதை அறிய இதைவிட நேரான வழி எங்களுக்குத் தெரியவில்லை. முன்பாடகன் கடைசிவரை அந்தப் பாட்டு நான்கு கட்டையில்தான் நன்றாக இருக்கும் என்றே சொன்னான். தனிப்பாட்டாகக் காணிக்கை நேரத்தில் அவன் நான்கு கட்டையில் பாட அனுமதி கொடுக்கப்பட்டது. நன்றாகவே பாடினான்.

மேடைக்கு வெளியே

இளையோரில் முறை வருகிறவர்கள் அந்த மாதம் ஒரு வீட்டு ஜெபத்துக்கோ நோயாளி சந்திப்புக்கோ குருவானவருடனோ அவர் மனைவியான ஐயரம்மாவுடனோ போக வேண்டும் என்பதும் ஒழுங்காயிற்று. யாருக்காகப் பாடுகிறோம் என்று தெரியாதவர்களால் பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே காரணம்.

அந்த மாணவி ஐயரம்மாவோடு மகனை இழந்த தாயின் வீட்டுக்குப் போனாள். அவர் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடச் சொன்னார். இவளுக்குத் தெரியவில்லை. ஐயரம்மா எடுத்துக்கொடுக்கப் போனபோது அந்தத் தாயே பாடிக்காட்டினார். புத்தகத்தில் அச்சிட்டிருந்த ராகம் ஒன்று, அவர் பாடிய மெட்டு வேறு. அவருடைய அம்மா வழியாக வந்த மெட்டு. மாணவி அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு மாஸ்டரிடம் போட்டுக் காட்டினாள். "இந்த மெட்டைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!" என்றார் அவர். அதிலிருந்து ஊர் மெட்டுகளைப் பதிந்துவைக்கும் வேலையை இளையோர் தாங்களாகவே தொடங்கினார்கள். எங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்று அது. நடந்தவற்றில் நிலைக்கக்கூடியதும் அதுவே என்பது என் எண்ணம்.

விளைவுகள்

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சபை பாடும் ஒலி கூடியிருந்தது. மாஸ்டர் கீபோர்டு பையனுக்கு ஆர்கன் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவன் அவருக்குத் திரையில் பாட்டை ஏற்றக் கற்றுக்கொடுத்தான். டிரம்ஸ் வாசித்தவன் திரும்பவில்லை. சுயாதீன சபை ஒன்றில் வாசிக்கிறான். பார்த்தால் நன்றாகப் பேசுவான். அவனைக் கடிந்த இருவரில் ஒருவர் அவன் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தார். மற்றவர் போகவில்லை.

2023 மார்ச்சில் ஏற்பாடு ஏறக்குறைய உடைந்தது. குழுவில் பலர் பொதுத்தேர்வு எழுதினார்கள், அதுவும் லெந்து காலத்தில். சீட்டு முறையில் பள்ளித் தேர்வுக் காலத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மூத்தோர் பொறுப்பைத் திரும்பச் சுமந்தார்கள். விலகிப் போயிருந்த மூத்த உறுப்பினரும் அந்த வாரங்களில் வந்து நின்றார். பெரிய வெள்ளியின் மூன்று மணி நேர ஆராதனையை வாத்தியமே இல்லாமல் நடத்தினோம். சபை பாடியது.

இதில் சேகரத்தைச் சேர்ந்த கிராமச் சபைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நகரத்து ஆலயத்தில் இருந்த கீபோர்டும் ஒலிபெருக்கியும் அங்கே இல்லை. அறுப்பின் பண்டிகையில் பறையோடு பாடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களிடமிருந்து நகரத்துக் குழு கற்றுக்கொள்ளலாம் என்று மாணவி மேசையில் சொன்னாள். பறை ஆலயத்துக்குள் வரலாமா என்ற கேள்வியில் மாஸ்டரே தயங்கினார். தியோபிலஸ் அப்பாவுவைக் கமிட்டியில் மேற்கோள் காட்டுவது சுலபம். பறையைப் பலிபீடத்தருகே வைப்பது வேறு காரியம். அந்தப் பேச்சு முடிவின்றி நிற்கிறது.

மாற்ற வேண்டியவை

வேறொரு சேகரம் இதைத் தொடங்குவதாக இருந்தால் சிலவற்றை முன்பே செய்துவிடலாம். ஒத்திகை தொடக்கத்தில் இரவு எட்டு மணிக்கு நடந்தது. மாணவியின் தந்தை வந்து சொன்ன பிறகே சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாறியது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருக்கும் ஒத்திகையில் பெரியவர்கள் இருவராவது உடன் இருப்பது, பெற்றோரின் ஒப்புதல் பெறுவது ஆகியவை தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி இயக்குபவருக்குப் பயிற்சி கொடுக்கத் தாமதமாயிற்று. மேடையில் நிற்பவர்களுக்கு மானிட்டரில் தங்கள் குரல் மட்டுமே கேட்டால், சபை பாடுகிறதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சுருதியைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள் இதைக் கடைசியில்தான் கவனித்தோம்.

பொறுப்பு முழுவதும் மெல்ல மெல்ல அந்த மாணவிமேல் விழுந்தது. அவள் திறமையுள்ளவள் என்பதால் எல்லோரும் அவளிடமே போனார்கள். இப்போது கல்லூரிக்காக வேறு ஊர் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை மேசையில் உட்கார வைத்திருக்கிறோம். ஒருவனுக்குப் பாட வராது, ஆனால் பதிவேட்டை ஒழுங்காக எழுதுகிறான். அடுத்த சீட்டு பொதுத்தேர்வு அட்டவணை வெளியான பிறகுதான் போடப்படும்.